பிராக் பழைய நகரம்: இரண்டு நாள், முட்டி வலியோடு அம்மா. எப்படிச் சுற்றுவது?

கொளத்தூர்க்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மே முதல் வாரம் அம்மாவோடு வியன்னாவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து பிராக் ரயிலில் நாலு மணி நேரம்தான், பார்க்காமல் ஊர் திரும்பினால் பாவம் என்று தங்கை எங்கள் இருவருக்கும் டிக்கெட்டே போட்டுவிட்டாள். வியாழன் மதியம் போய் இறங்குகிறோம், சனி மதியம் திரும்புகிறோம். பழைய நகரச் சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடையில் அறை.

பிரச்சினை என்னவென்றால் அம்மாவுக்கு 67 வயது, இடது முட்டியில் தேய்மானம். உட்கார இடம் இருந்தால் நாள் முழுக்கச் சுற்றுவார், ஆனால் ஒரே மூச்சில் அரை கிலோமீட்டருக்கு மேல் முடியாது. யூடியூபில் எந்த வீடியோவைப் பார்த்தாலும் கோட்டை, பாலம், கடிகாரம், எல்லாம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள், ஆனால் பின்னால் தெரிவதெல்லாம் மேடும் கருங்கல் பாவிய தெருவும்தான். எந்த வரிசையில் போவது, எதை விட்டுவிடலாம்? இன்னொன்று, அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பணம் ரொக்கமாக மாற்ற வேண்டுமா, கார்டு போதுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

டிராம்22

ஆறு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், ஊரிலிருந்து வந்த எத்தனையோ அம்மா அப்பாக்களைச் சுற்றிக் காட்டியாகிவிட்டது. முதலில் ஊரின் அமைப்பு புரிந்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும். நடுவில் வுல்டாவா ஆறு. மேற்குக் கரையில் மேடு, அதன் உச்சியில் கோட்டை, கோட்டைக்குக் கீழே சரிவில் மாலா ஸ்த்ரானா என்ற பகுதி. கிழக்குக் கரையில் நீங்கள் சுற்றப்போகும் பகுதி சமதளம், அங்கேதான் பழைய நகரச் சதுக்கம், கடிகாரம், யூதர் பகுதி எல்லாம். இரண்டையும் சேர்ப்பது சார்லஸ் பாலம். எல்லோரும் சதுக்கத்தில் ஆரம்பித்துப் பாலம் தாண்டிக் கோட்டைக்கு மேலே ஏறுகிறார்கள், மூச்சு வாங்குகிறது, அப்புறம் ஊரைத் திட்டுகிறார்கள். நீங்கள் தலைகீழாகப் போங்கள். 22ஆம் நம்பர் டிராம் பிடித்துக் கோட்டையையும் தாண்டி போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால், அங்கிருந்து கோட்டை வாசல் வரை இறக்கம்தான். கோட்டை பார்த்துவிட்டு நெருடோவா தெரு வழியாக மெதுவாக இறங்கினால் பாலத்துக்கே கொண்டுவந்து விடும்.

நெருடோவாவில் இறங்கும்போது கடை வாசலில் தொங்கும் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு போகாமல் கதவுக்கு மேலே பாருங்கள். 1770இல்தான் இந்த ஊர் வீடுகளுக்கு நம்பர் போட்டார்கள். அதுவரை வீட்டுக்கு அடையாளம் கதவின் மேல் இருந்த சின்னம். மூன்று வயலின் வீடு, இரண்டு சூரியன் வீடு என்றுதான் விலாசம் சொல்வார்கள், அந்தச் சின்னங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இப்போதும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நம்பர் பலகை தொங்கும், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. சிவப்பு அந்தப் பகுதியின் பழைய வரிசை எண், நீலம் தெருவின் எண். தெரியாமல் சிவப்பைப் பார்த்து வீடு தேடி நான் ஒரு முறை இருபது நிமிஷம் அலைந்திருக்கிறேன்.

65 வயது தாண்டியவர்களுக்கு நகரத்துக்குள் டிராம், பஸ், மெட்ரோ எல்லாம் இலவசம், வயதைக் காட்ட அம்மாவின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். உங்களுக்கு 24 மணி நேர டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை போட வேண்டும். போடாத டிக்கெட் கையில் இருந்தாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான், அபராதம் உறுதி.

முட்டிக்கு_வக்கீல்

டிராம்22 அண்ணா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன், மீதிப் பாதி அம்மாவைப் படுக்க வைத்துவிடும். நான் பிசியோதெரபிஸ்ட், பதினைந்து வருஷமாக முட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேய்மானம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி. "இறக்கம்தானே" என்று நெருடோவாவில் இறக்கிவிட்டால் பாலத்துக்கு வருவதற்குள் அவர் முகம் சுண்டிவிடும். கோட்டையின் கிழக்கு வாசலிலிருந்து கீழே போகும் பழைய படிக்கட்டும் அதே கதைதான், போட்டோவில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மாமியாரை அழைத்துப் போனபோது செய்தது இது. 22இல் ஏறி போஹோர்ஷெலெட்ஸ் வரை போகாமல் அதற்கு முன்னாலேயே ப்ராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்கினோம். பெயரே பிராக் கோட்டை என்றுதான் அர்த்தம். அங்கிருந்து வடக்கு வாசல் சமதளம், ஒரு பாலம் தாண்டினால் கோட்டைக்குள் வந்துவிடலாம். பார்த்து முடித்ததும் அதே வாசல் வழியாகத் திரும்பி அதே டிராமில் மூன்று நிறுத்தம் கீழே வந்தால் மாலோஸ்த்ரான்ஸ்கே நாமியெஸ்தி என்ற சதுக்கம். அங்கிருந்து பாலத்துக்கு ஐந்து நிமிஷ நடை. நெருடோவா பார்க்க ஆசை என்றால் அந்தச் சதுக்கத்திலிருந்து தெருவின் அடிப்பக்கம் நாலு வீடு ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், மூன்று வயலின் வீடு 12ஆம் நம்பர்தான், கீழேயே இருக்கிறது.

மெட்ரோவை முடிந்தவரை தவிருங்கள். எஸ்கலேட்டர் நம்மூர் வேகம் இல்லை, கால் வைக்கும்போதே இழுத்துக்கொண்டு போகும். தாழ்தளப் பெட்டி உள்ள டிராமாகப் பார்த்து ஏறுவதுதான் நல்லது. செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தடிமனான ஷூ. அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, நடுவில் இடைவெளி, மழை பெய்தால் எண்ணெய் தடவின மாதிரி இருக்கும்.

கோட்டையில் டிக்கெட் எடுத்தால் இரண்டு நாள் செல்லும், எல்லாவற்றையும் ஒரே நாளில் அடித்துப் பிடித்துப் பார்க்க வேண்டாம். என்னைக் கேட்டால் புனித வீட்டஸ் தேவாலயம் ஒன்று போதும். 1344இல் அடிக்கல் போட்டு 1929இல்தான் முடித்தார்கள், ஏறத்தாழ அறுநூறு வருஷம். உள்ளே இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலில் செக் ஓவியர் முகா வரைந்த கண்ணாடி இருக்கிறது, வெயில் அடிக்கும் நேரம் என்றால் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள், அம்மாவுக்கும் ஓய்வு.

ஒன்பது_மணி_ஷிஃப்ட்

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன்: அந்த வானியல் கடிகாரம் சுத்த ஏமாற்று. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம், மணி அடித்தது, எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது, மேலே இரண்டு ஜன்னலில் பொம்மைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின, சேவல் ஒரு கத்து கத்தியது, முடிந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தில் எல்லாம் "இவ்வளவுதானா" என்று எழுதி ஒட்டியிருந்தது. எல்லோரும் தலையை அண்ணாந்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் என் தம்பியின் பர்ஸ் போனது. நின்றுகொண்டு காத்திருக்க முடியாத அம்மாவை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

நாழிகை

தம்பி, பர்ஸ் போனதற்கு வருத்தம், ஆனால் நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, பொம்மைகளைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பொம்மைகள் பின்னால் வந்து சேர்ந்தவை. 1410இல் செய்தது அந்த முகப்புத் தட்டு. அதைப் பார்க்க மணி அடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது போனால் கூட்டமே இருக்காது.

வெளிவட்டத்தில் கறுப்புப் பின்னணியில் தங்க நிற எழுத்தில் 1 முதல் 24 வரை ஒரு வளையம் இருக்கும். அது பழைய போஹேமிய (செக் நாட்டு) நேரம். அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. நமக்கு நாழிகைக் கணக்கு சூரிய உதயத்தில் தொடங்கும் இல்லையா, அதற்கு நேர் எதிர். அஸ்தமனம் தினமும் மாறுவதால் அந்த வளையமும் வருஷம் முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். தட்டுக்குள் மையம் தள்ளி இன்னொரு வளையம் சுற்றும், அது ராசிச் சக்கரம். சூரிய முள் எந்த ராசிமேல் நிற்கிறதோ அந்த மாதம். நிலாவுக்குத் தனி உருண்டை, பாதி கறுப்பு பாதி வெள்ளை, தானே திரும்பி வளர்பிறை தேய்பிறை காட்டும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த அம்மா என்றால் வழிகாட்டியே வேண்டாம்.

கைடுகள் ஒரு கதை விடுவார்கள், கடிகாரம் செய்தவர் வேறு ஊருக்கும் செய்துவிடக் கூடாது என்று கண்ணைக் குருடாக்கினார்கள் என்று. தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டிய கதையின் உடன்பிறப்பு. நம்ப வேண்டாம். அந்தக் கதை ஹானுஷ் என்பவரைப் பற்றியது, செய்தவரோ காடான் ஊர் மிக்குலாஷ்.

இன்னும் ஒன்று. கடிகாரம் இருக்கும் அதே நகர மண்டபத்தின் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. கிட்டத்தட்ட 70 மீட்டர் உயரக் கோபுரம், மேலிருந்து சதுக்கம் முழுக்கத் தெரியும். அப்புறம் கீழே வந்து கோபுரத்தின் கிழக்குப் பக்கம் தரையைப் பாருங்கள், வெள்ளைக் கல்லில் 27 சிலுவை பதித்திருக்கும். 1621 ஜூன் 21ஆம் தேதி பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்த 27 பேரை அங்கேதான் கொன்றார்கள். கடிகாரத்தைப் பார்த்த கண்ணோடு மேலேயே பார்த்துக்கொண்டு ஆயிரம் பேர் அவற்றை மிதித்துக்கொண்டு போவார்கள்.

எடைக்கு_எடை

பணம், சாப்பாடு இரண்டும் நான் சொல்கிறேன், இரண்டிலும் அடிபட்டவன்.

ரொக்கம் பெரிதாகத் தேவையில்லை, டிராமில்கூட கார்டைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம். கழிப்பறைக்குக் கொஞ்சம் சில்லறை போதும். நான் என்ன செய்தேன், சதுக்கத்துக்குப் பக்கத்தில் "கமிஷன் 0" என்று பெரிதாகப் போட்ட கடையில் நூறு யூரோவை நீட்டினேன். பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது அவர்கள் யூரோ விற்கும் விலை, வாங்கும் விலை மூலையில் எறும்பு சைஸில். 2,400க்கு மேல் வர வேண்டிய இடத்தில் 1,700 சொச்சம் கொருணா (செக் பணம்) கையில் வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்கு வந்தால் வரவேற்பில் இருந்த பெண்தான் சொன்னார், 2019இலிருந்து சட்டம் இருக்கிறது, மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் வேண்டாம் என்றால் திருப்பித் தந்தாக வேண்டும், 1,000 யூரோ வரைக்கும் இது செல்லும் என்று. ஓடிப் போய் ரசீதை வைத்தேன், ஒரு வார்த்தை பேசாமல் நூறு யூரோவை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ரசீதை மட்டும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏடிஎம் என்றால் வங்கியின் ஏடிஎம், அதிலும் "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா" என்று ஆசையாகக் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சதுக்கத்துக் கடைகளில் போட்டிருக்கும் விலை பல நேரம் 100 கிராமுக்கு. நான் பன்றித்தொடைக் கறி ஒரு தட்டு வாங்கினேன், அவர் வெட்டிக்கொண்டே இருந்தார், நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தேன், பில்லைப் பார்த்தபோதுதான் வெட்டுவதை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும் என்று புரிந்தது. எங்கு பார்த்தாலும் குழாய் மாதிரி சுற்றிய இனிப்பு ரொட்டி விற்பார்கள், த்ருடெல்னீக் என்று பெயர், "பழங்காலச் செக் பண்டம்" என்று போர்டு இருக்கும். செக் நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், அவர்கள் பாட்டி யாரும் சுட்டதில்லையாம், சுற்றுலாக் கூட்டத்தோடு வந்த பண்டம்.

அம்மா விஷயத்தில் கவனம். வறுத்த சீஸ் சைவம் என்பார்கள், ரொட்டித்தூள் ஒட்டுவதற்கு முட்டையில் தோய்த்துத்தான் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு அடையிலும் பெரும்பாலும் முட்டை உண்டு. இறைச்சி இல்லை என்று சொல்லிக் கொடுக்கும் சூப்பில் எலும்புச்சாறு இருக்கும். நான் போனபோது டீன் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தட்டை எடை போட்டுக் காசு வாங்கும் வட இந்தியச் சைவக் கடை இருந்தது, பருப்பும் சோறும் நன்றாகவே இருந்தது, இப்போது இருக்கிறதா என்று கூகுள் மேப்பில் பாருங்கள். இல்லையென்றால் எந்த மளிகைக் கடையிலும் வெள்ளைத் தயிர் கிடைக்கும், பீலீ யோகுர்ட் என்று எழுதியிருக்கும். சின்ன எலெக்ட்ரிக் குக்கர் ஒன்று பெட்டியில் போட்டுக்கொண்டால் தயிர் சாதம் ரெடி.

டிராம்22

முட்டிக்கு_வக்கீல் சொன்னது சரி, என் பிழை. நான் கூட்டிப் போனவர்கள் எல்லாம் இறங்கும்போது ஏன் அவ்வளவு அமைதியாக வந்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

யூதர் பகுதியை யாரும் சொல்லவில்லையே. சனிக்கிழமை மூடியிருக்கும், அதனால் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் இடம் தராததால் மண்மேல் மண் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள், சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. அதனால் நினைவுக்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கூட்ட நெரிசலில் நிற்பதுபோல நிற்கும். அதை ஒட்டிய பின்காஸ் தொழுகைக்கூடத்தில் நாஜிகள் கொன்ற போஹேமிய, மொராவிய யூதர்கள் கிட்டத்தட்ட 78,000 பேரின் பெயரைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். 1950களில் எழுதினார்கள், 1968இல் மூடினார்கள், ஈரத்தில் அழிந்தது, 1990களில் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். மாடியில் தெரேசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் அம்மா வெளியே வந்து ஒரு மணி நேரம் பேசவில்லை.

அங்கிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பினால் யான் பலாக் சதுக்கம். அதன்மேல் நிற்கும் பெரிய கட்டடம் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். பலாக் அங்கே படித்த மாணவர்தான், சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்தவர். நம் தமிழறிஞர் கமில் சுவெலபில் இந்த ஊரில் 1927இல் பிறந்தவர், இதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவர், 1968க்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். தமிழ் தெரிந்தவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம், பெஞ்சும் இருக்கிறது.

கொளத்தூர்க்காரன் (மூன்று வாரம் கழித்து)

போய்வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. குறிப்பாக முட்டிக்கு_வக்கீல் அக்காவுக்கு.

டிராமில் ஏறிக் கோட்டை, டிராமில் இறங்கிப் பாலம், அப்படியே செய்தோம். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே பாலத்துக்குப் போய்விட்டோம், அரைக் கிலோமீட்டர் நீளப் பாலத்தில் எங்களோடு மொத்தம் இருபது பேர் இருந்தால் அதிகம். அம்மாவின் ஒரே மூச்சுக் கணக்கும் அதே அரைக் கிலோமீட்டர்தான், நடுவில் இரண்டு முறை சுவரோரம் சாய்ந்து நின்று கடந்துவிட்டார். நெபொமுக் யோவான் சிலைக்குக் கீழே ஒரு பித்தளைப் பலகை, தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பொன் மாதிரி இருந்தது. 1393இல் அரசர் ஆணைப்படி ஆற்றில் தள்ளிய பாதிரியார் என்று படித்துச் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்காமல் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து மணிக்கு அதே பாலத்தைக் கரையிலிருந்து பார்த்தேன், ரங்கநாதன் தெரு தீபாவளிக்கு முந்தின நாள்.

பின்காஸ் உள்ளே நான் மட்டும் போனேன். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தார். வந்ததும் என்ன இருந்தது என்று கேட்டார், பெயர்கள் என்று மட்டும் சொன்னேன்.

தயிர் சாதம் இரண்டு வேளை. பீலீ யோகுர்ட் புளிப்பே இல்லை என்பது அம்மாவின் புகார்.

நாழிகை ஐயா சொன்னபடி கடிகாரத்துக்கு ஒன்பதே முக்காலுக்கு மறுநாள் போனோம். தங்க எழுத்து வளையத்தில் முள் பதின்மூன்றைத் தாண்டி நின்றது, நேற்று பொழுது சாய்ந்து பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை, ராசிச் சக்கரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் ரிஷபத்துல நிக்குறான். இன்னும் சித்திரையே முடியல, மேஷத்துலதானே இருக்கணும்?" நமக்கும் அவர்களுக்கும் ராசிக் கணக்கில் மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு என்று போனில் தேடிச் சொன்னேன். "அறுநூறு வருஷமா தப்பாவா ஓடுது" என்றார். அதற்குள் பத்து மணி அடித்து எலும்புக்கூடு கயிற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது, கூட்டம் முழுக்க போனைத் தூக்கியது. அம்மா மட்டும் குனிந்து தரையில் இருந்த வெள்ளைச் சிலுவைகள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். மண்டபத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் கூட்டிப் போய்க் காட்டினேன். ஒன்றின்மேல் கால் பட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டார்.